காரணம் நியாயமானது என்றால் போரும் நியாயமானதாகிவிடுமா?

ஒரு நாடு எப்போது நியாயமாகப் போர் தொடுக்கலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம், கிறிஸ்தவர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டு பகுதிகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறோம். ஒரு சாரார் மலைப்பிரசங்கத்தைத் திறந்து, வலது கன்னத்தில் அறைகிறவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஆண்டவர் எந்தப் போரையும் ஏற்றிருக்க முடியாது என்கிறார்கள். மற்றொரு சாரார் ரோமர் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து, அதிகாரியானவன் 'பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை' என்று பவுல் எழுதியிருப்பதால், அரசாங்கம் முடிவெடுத்தபின் விசுவாசிக்குக் கேட்பதற்கு எதுவும் இல்லை என்கிறார்கள். இந்த இரண்டு பகுதிகளும் கனத்தோடு வாசிக்கப்பட வேண்டியவை. ஆனால் இவற்றுக்கு முன்பாகவே வேதாகமத்தின் வரலாற்று நூல்களும் தீர்க்கதரிசன நூல்களும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் போரைப் பற்றிப் பேசியிருக்கின்றன. அவற்றை வாசிக்க வாசிக்க என்னுள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. போருக்கான காரணம் நியாயமானதா என்பது வேதாகமம் கேட்கும் முதல் கேள்வி மட்டுமே. அந்தக் கேள்வியில் தேறிய நாடு, அதற்குப் பின் வரும் கேள்விகளில் குற்றவாளியாகத் தீர்க்கப்படலாம். வேதாகமத்தில் அப்படித் தீர்க்கப்பட்டும் இருக்கிறது.

ரோமர் நிருபத்தை முதலில் பார்த்துவிடலாம். பவுல் எழுதிய நிருபத்தில் அதிகாரப் பிரிவுகள் கிடையாது. அவை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. 'பழிவாங்குதல் எனக்குரியது' என்ற கர்த்தரின் வார்த்தையை விசுவாசிகளுக்கு நினைவூட்டிய பவுல், சில வரிகளுக்குள்ளேயே, தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பு தேவ ஊழியக்காரனாகிய அதிகாரிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறார். தனி மனிதனின் கையிலிருந்து எடுக்கப்பட்ட பட்டயம் அதிகாரியின் கைக்கு மாறுகிறது; ஆனால் அவன் ஊழியக்காரனாகவே அதைப் பிடித்திருக்கிறான். ஊழியக்காரன் என்பவன் கணக்குக் கொடுக்க வேண்டியவன். மேலும், பவுல் அங்கே பேசுவது ஒரு நாட்டுக்குள் நடக்கும் தண்டனையையும் வரி செலுத்துவதையும் பற்றித்தான். வெளியிலிருந்து வரும் படையெடுப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே கொலை செய்கிறவனிடமிருந்து மக்களைக் காக்கக் கடமைப்பட்ட அரசு, எல்லையைக் கடந்து வந்து கொலை செய்கிறவர்களிடமிருந்தும் அவர்களைக் காக்க வேண்டும் என்று பிற்காலத் திருச்சபை ஆசிரியர்கள் உய்த்துணர்ந்தார்கள். அந்த முடிவு சரியானது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் அனுமதியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்போது, அதனோடு சேர்ந்த வரம்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தீமை செய்கிறவனுக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட பட்டயம், தீமை செய்யாதவன்மேல் விழுவதற்கு ரோமர் 13-இல் இடமில்லை.

ஆதியாகமம் 14-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் தன் வீட்டில் பிறந்த 318 பேரோடு புறப்பட்டுப் போகிறார். சிறைபிடிக்கப்பட்ட தன் சகோதரன் மகன் லோத்தை மீட்பதே அவருடைய நோக்கம். மீட்டபின், சோதோமின் ராஜா பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, ஒரு நூலையோ பாதரட்சையின் வாரையோகூடத் தொட மாட்டேன் என்று ஆபிராம் கையுயர்த்திச் சத்தியம் செய்கிறார். அபகரிக்கப்பட்டவர்களை மீட்கப் போனவர், அபகரித்தவராகத் திரும்பி வரவில்லை. மீட்பு என்ற பெயரில் தொடங்கி, எண்ணெய் வளத்திலும் நிலத்திலும் முடிந்த போர்களை வரலாறு எவ்வளவு கண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது, இந்தச் சிறிய விவரம் மிகப் பெரியதாகத் தெரிகிறது.

நியாயாதிபதிகள் 11-ஆம் அதிகாரத்தை, இஸ்ரவேலின் தலைவனாகிய யெப்தாவின் பொருத்தனையையும் அவனுடைய மகளின் துயரத்தையும் வைத்தே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அது இயல்புதான். ஆனால் அந்தத் துயரத்துக்கு முன்னால், இரண்டு நாடுகளுக்கிடையே நடந்த ஒரு நீண்ட வழக்காடல் பதிவாகியிருக்கிறது. அம்மோனியரின் ராஜா படையெடுத்து வந்தபோது யெப்தா உடனே வாளை எடுக்கவில்லை. தூதரை அனுப்பி, என் தேசத்தில் நீ போர் செய்ய வருவதற்குக் காரணம் என்ன என்று கேட்கிறான். அர்னோன் முதல் யாபோக்கு வரையிலும் யோர்தான் வரையிலும் உள்ள என் தேசத்தை இஸ்ரவேலர் பிடித்துக்கொண்டார்கள், அதைச் சமாதானத்தோடு திருப்பிக் கொடு என்று பதில் வருகிறது. யெப்தா மறுபடியும் தூதரை அனுப்பி, வரலாற்றை முறையாக எடுத்துரைக்கிறான். இஸ்ரவேலர் ஏதோமிடமும் மோவாபிடமும் வழிவிடக் கேட்டதும், மறுக்கப்பட்டபோது சுற்றிக்கொண்டு போனதும், எமோரியரின் ராஜாவாகிய சீகோன் வழிவிடாமல் படைதிரட்டி வந்து தோற்றதும், அந்த நிலம் சீகோனிடமிருந்து கிடைத்ததே தவிர அம்மோனியரிடமிருந்து எடுக்கப்பட்டதல்ல என்பதும், 300 ஆண்டுகளாக இஸ்ரவேலர் அங்கே குடியிருந்தும் ஒருவரும் உரிமை கோரவில்லை என்பதும் வரிசையாக வருகின்றன. இறுதியில், நியாயாதிபதியாகிய கர்த்தரே இரு தரப்புக்கும் நடுவில் தீர்ப்புச் செய்யட்டும் என்று அவன் ஒப்படைக்கிறான்.

இந்த வாதத்தில் ஒவ்வொரு வரியும் சோதித்துப் பார்க்கக்கூடியது. எதிரியிடமே அதைச் சொல்ல யெப்தா தயங்கவில்லை. போருக்குப் போகும் நாடு தன் காரணத்தை எதிரியின் முகத்துக்கு நேராக, உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதியை நான் கண்டதில்லை. யெப்தாவின் வாதத்துக்கு அடிப்படையாக உள்ள உபாகமம் 2-ஆம் அதிகாரமும் கவனிக்கத்தக்கது. ஏசாவின் புத்திரராகிய ஏதோமியருக்கும் லோத்தின் புத்திரராகிய மோவாபியருக்கும் அம்மோனியருக்கும் நானே அந்த நிலங்களைக் கொடுத்திருக்கிறேன், அவர்களோடு போருக்குப் போகாதிருங்கள் என்று கர்த்தர் இஸ்ரவேலுக்குக் கட்டளையிடுகிறார். மற்ற இனத்தாரின் எல்லைகளும் தேவன் வகுத்தவையே என்ற நினைப்பு, 'எங்கள் நிலம்' என்ற முழக்கத்தில் பெரும்பாலும் காணாமற்போகிறது.

காரணம் நியாயமாக இருந்தும் போர் தவறாகிப்போனதற்கு 1 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரமே எனக்கு முதன்மையான சான்று. சீரியாவுக்கும் இஸ்ரவேலுக்கும் மூன்று ஆண்டுகள் போரில்லாமல் கழிந்தபின், கீலேயாத்திலுள்ள ராமோத் நம்முடையது என்று இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாப் எழுகிறான். அவன் சொன்னது பொய்யல்ல. ராமோத் காத் கோத்திரத்தாருக்குரிய அடைக்கலப்பட்டணம். இரண்டு அதிகாரங்களுக்கு முன்பு, சீரியாவின் ராஜாவாகிய பெனாதாத், தன் தகப்பன் பிடித்த பட்டணங்களைத் திருப்பித் தருவதாக உடன்படிக்கையும் செய்திருக்கிறான். இன்றைய சர்வதேச நீதிமன்றம் ஒன்றில் வழக்கு நடந்திருந்தால், ஆகாபின் பக்கம் தீர்ப்பு வந்திருக்கக்கூடும். அரச அதிகாரம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, யூதாவின் ராஜாவாகிய யோசபாத்தின் கூட்டணி இருக்கிறது, வெற்றி உறுதி என்று ஒரே குரலில் சொல்ல 400 தீர்க்கதரிசிகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனாகிய சிதேக்கியா இரும்புக் கொம்புகளைச் செய்துகொண்டு வந்து, இவற்றால் சீரியரை முட்டுவீர் என்று நடித்தே காட்டுகிறான்.

மிகாயா என்னும் தீர்க்கதரிசி ஒருவன் மட்டும், இஸ்ரவேலர் மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல மலைகளில் சிதறக் கண்டேன் என்கிறான். அவனை அழைக்கப் போன தூதன், மற்றவர்கள் சொன்னதற்கு இசைவாகவே நீரும் சொல்லும் என்று வழியிலேயே அறிவுறுத்திவிடுகிறான். உண்மையைச் சொன்னதற்காக மிகாயா கன்னத்தில் அறைபட்டுச் சிறைக்குப் போகிறான். ஆகாப் வேஷம் மாறிப் போர்க்களத்துக்குப் போய், குறிவைக்காமல் எய்யப்பட்ட அம்பினால் சாகிறான்.

இந்த நிகழ்ச்சிக்கு முந்தைய அதிகாரம் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றியது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. பொய்ச்சாட்சிகளை வைத்து நீதிமன்றத்தின் பெயரால் ஒரு குடிமகனைக் கல்லெறிந்து கொன்று, அவனுடைய நிலத்தை எடுத்துக்கொண்ட அரசன், அடுத்த அதிகாரத்தில் நில உரிமைக்காக நீதி கேட்டு ஒரு தேசத்தையே போருக்கு அழைக்கிறான். தன் மக்களுக்கு நீதி செய்யாத அரசு, எல்லைக்கு அப்பால் நீதிக்காகப் போராடுவதாகச் சொல்லும்போது அந்தச் சொல்லைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது. திருச்சபைக்கு இந்த அதிகாரத்தில் இரண்டு இடங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன: 400 பேரின் இடம் ஒன்று, மிகாயாவின் இடம் மற்றொன்று. 1914-இல் ஐரோப்பாவின் பிரசங்க பீடங்களில் இரு தரப்பிலும் முதலாவது இடமே நிரம்பி வழிந்தது. 'தேவன் நம்மோடு' என்ற வாசகத்தை ஜெர்மானிய வீரர்கள் தங்கள் இடுப்புவாரின் கொக்கியிலேயே பொறித்து அணிந்திருந்தார்கள்; அவர்களை எதிர்த்து நின்ற படைகளின் குருமார்களும் அதே தேவனிடம் வெற்றிக்காக மன்றாடினார்கள். யோசுவா எரிகோவின் அருகே உருவின பட்டயத்தோடு நின்ற கர்த்தருடைய சேனைத் தலைவரைப் பார்த்து, நீர் எங்களைச் சேர்ந்தவரா, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரா என்று கேட்டபோது கிடைத்த பதில் 'அல்ல' என்பதே. யோசுவாவுக்கே கிடைக்காத உறுதியை எந்த நவீன தேசமும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது.

யோசுவாவின் பெயரைச் சொன்னபின், கானான் போர்களைப் பற்றிப் பேசாமல் கடந்து போவது நேர்மையாகாது. சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடே வைக்கக் கூடாது என்ற உபாகமம் 20-இன் கட்டளையையும், அமலேக்கியரைப் பற்றிய 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தையும் என்னால் இலகுவாக வாசிக்க முடிவதில்லை. இலகுவாக வாசிக்க முடிகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆயினும் அந்தப் பகுதிகளிலேயே சில வரம்புகள் தெளிவாக இருக்கின்றன. அவை ஒரு காலத்துக்கும் ஒரு நிலத்துக்கும் உரிய நியாயத்தீர்ப்பாகச் சொல்லப்பட்டவை. எமோரியரின் அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்று ஆபிராமுக்குச் சொல்லப்பட்டதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் நானூறு ஆண்டுகள் காத்திருப்பு இருக்கிறது. அதே பாவங்களைச் செய்தால் தேசம் உங்களையும் கக்கிப்போடும் என்று லேவியராகமம் 18-இல் இஸ்ரவேலுக்கும் எச்சரிக்கை வருகிறது, கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் எருசலேம் விழுந்தபோது அந்த எச்சரிக்கை நிறைவேறவும் செய்தது. அதற்குப் பின் எந்த நாட்டுக்கும் எந்தத் திருச்சபைக்கும் இப்படி ஒரு கட்டளை கொடுக்கப்பட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை. தனக்குப் பிடிக்காத இனத்தை 'அமலேக்' என்று பெயரிட்டு அழிக்கத் துணிகிறவன், தன் வெறுப்புக்குத் தேவனுடைய முத்திரையைத் திருடுகிறான்.

அதே உபாகமம் 20, சாதாரணப் போர்களுக்கு விதிக்கும் ஒழுங்குகள் அக்கால அரசுகளின் போர்முறையோடு ஒப்பிடும்போது வியப்பளிப்பவை. புதுவீடு கட்டிப் பிரதிஷ்டை செய்யாதவனும், திராட்சத்தோட்டம் நாட்டிப் பலனை அனுபவியாதவனும், பெண்ணை நியமித்துக்கொண்டு விவாகம் செய்யாதவனும், மனம் பயந்தவனும் வீடு திரும்பலாம். எந்தப் பட்டணத்தை நெருங்கினாலும் முதலில் சமாதானம் கூற வேண்டும். நீண்ட முற்றுகையின்போதும் கனிமரங்களை வெட்டக் கூடாது. அவை மனிதனுடைய பிழைப்புக்கானவை. இந்த அதிகாரத்தில், பணிந்த ஊரின் மக்கள் பகுதி கட்டிச் சேவிக்க வேண்டும் என்பது போன்ற கடினமான விதிகளும் இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும், போர் முடிந்தபின் அந்த ஊரில் வாழப்போகிறவர்களின் உணவைப் பற்றி, போரின் நடுவிலேயே ஒரு படையை யோசிக்க வைத்த சட்டம் இது. குடிநீர் நிலையங்களையும் மின் நிலையங்களையும் தானியக் கிடங்குகளையும் குறிவைத்துத் தாக்கும் இன்றைய போர்முறை, இந்த ஒரு விதியின் முன்னாலேயே நிற்க முடியாது.

இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட சட்டம் மற்ற நாடுகளுக்கும் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு ஆமோஸ் பதிலளிக்கிறார். அவருடைய முதல் இரண்டு அதிகாரங்களில், நியாயப்பிரமாணத்தை அறியாத நாடுகள் ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. தமஸ்கு கீலேயாத்தை இரும்பு யந்திரங்களால் போரடித்தது. காசா சிறைபிடித்த மக்களை முழுமையாக ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தது. அம்மோன் தன் எல்லையை விரிவாக்குவதற்காகக் கர்ப்பவதிகளின் வயிற்றைக் கீறியது. மோவாபின்மேல் சாற்றப்படும் குற்றத்தை நான் எப்போதும் நிறுத்தி வாசிப்பேன்: அது ஏதோமுடைய ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டுப்போட்டது. இங்கே இஸ்ரவேலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஏதோமோ சில வசனங்களுக்கு முன்புதான் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட நாடு. குற்றவாளியான எதிரியின் பிணத்துக்கும் மரியாதை உண்டு என்றும், அதை மீறும் நாட்டைத் தேவன் விசாரிப்பார் என்றும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆடு மேய்த்த ஒரு மனிதர் அறிவிக்கிறார். ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட குரல் அது.

வெற்றிக்குப் பின் என்ன செய்வது என்பதற்கு, அதிகம் பிரசங்கிக்கப்படாத 2 நாளாகமம் 28-ஆம் அதிகாரத்தைப் பரிந்துரைக்கிறேன். யூதாவின் ராஜாவாகிய ஆகாஸ் பொல்லாதவன். அவனைத் தண்டிக்கக் கர்த்தர் யூதாவை வடதேசமாகிய இஸ்ரவேலின் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. ஆக, இந்தப் போருக்கு மேலிருந்தே அனுமதி இருந்தது. இரண்டு இலட்சம் பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துக்கொண்டு சமாரியாவுக்குத் திரும்பும் படையை, ஓதேத் என்னும் தீர்க்கதரிசி எதிர்கொண்டு நிறுத்துகிறார். கர்த்தர் அவர்களை உங்கள் கையில் ஒப்புக்கொடுத்தது உண்மைதான், நீங்களோ வானத்தை எட்டும் உக்கிரத்தோடு அவர்களைக் கொன்றீர்கள், இப்போது இவர்களை அடிமைகளாக்கவும் நினைக்கிறீர்கள், உங்களிடத்தில் குற்றமில்லையோ என்று கேட்கிறார். எப்பிராயீம் தலைவர்கள் நால்வர் அவரோடு சேர்ந்து நிற்கிறார்கள். நிர்வாணமாயிருந்த கைதிகளுக்குக் கொள்ளையிலிருந்தே ஆடைகளும் பாதரட்சைகளும் கொடுத்து, உணவூட்டி, எண்ணெய் பூசி, நடக்க முடியாதவர்களைக் கழுதைகளின்மேல் ஏற்றி, எரிகோ வரை கொண்டுபோய்த் தங்கள் சகோதரரிடம் விட்டுவருகிறார்கள். எண்ணெயும் கழுதையும் எரிகோவும் சமாரியரும் ஒரே கதையில் வருவதைப் பார்க்கும்போது, நல்ல சமாரியன் உவமையைச் சொன்ன ஆண்டவரின் நினைவில் இந்தப் பகுதி இருந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஓதேத்தின் கேள்வியைப் பிற்காலத்தில் எழுப்பியவர்கள் சிலரே. பேரரசன் தெயோதோசியு தெசலோனிக்கே நகரில் மக்களைப் படுகொலை செய்தபோது, 390-இல் மிலான் பேராயர் அம்புரோசியு, மனந்திரும்பும்வரை அவனுக்கு நற்கருணை தர மறுத்தார். 1944 பிப்ரவரியில், ஆங்கிலிக்கன் பேராயர் ஜார்ஜ் பெல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மானிய நகரங்களை முழுமையாகக் குண்டுவீசி அழிப்பதை எதிர்த்துப் பேசினார். அவர் இட்லரை எதிர்ப்பதில் எவருக்கும் பின்தங்கியவரல்லர், இட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் பான்ஹோபரின் நண்பர். தன் நாட்டின் காரணம் நியாயமானது என்று நம்பியதாலேயே, அந்த நியாயத்தைத் தன் நாடே எரித்துவிடக் கூடாது என்று அவர் மன்றாடினார். தேசத்தை நேசிக்கும் கிறிஸ்தவர் போர்க்காலத்தில் பேசக்கூடிய மிக உயர்ந்த பேச்சு அதுவே என்று நான் கருதுகிறேன்.

மலைப்பிரசங்கத்தை மட்டும் பற்றிக்கொண்டு பட்டயத்தைத் தொட மறுத்தவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேதுருவின் கையிலிருந்த பட்டயத்தை உறையில் போடச் சொன்னபோதே கர்த்தர் ஒவ்வொரு போர்வீரனையும் நிராயுதபாணியாக்கிவிட்டார் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். 295-இல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற இளைஞன், நான் கிறிஸ்தவன், படையில் சேர முடியாது என்று சொல்லித் தலைவெட்டப்பட்டான். போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினராகிய மெனோனைட்டுகளும் குவேக்கர்களும் அந்தச் சாட்சியைப் பல நூற்றாண்டுகள் காத்திருக்கிறார்கள். நான் அவர்களோடு முழுமையாக உடன்படாததற்குக் காரணம், சங்கீதம் 82 ஆளுகிறவர்களிடம் எளியவனைத் துன்மார்க்கரின் கைக்குத் தப்புவிக்கச் சொல்வதுதான். என் கன்னத்தை நான் திருப்பிக் கொடுக்கலாம். என் பொறுப்பில் விடப்பட்ட குழந்தையின் கன்னத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. வட ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீனும் ஏறக்குறைய இந்த இடத்திலேயே நின்றார். 418 வாக்கில் போனிபாசு என்ற படைத்தலைவருக்கு எழுதிய கடிதத்தில், நீ விரும்ப வேண்டியது சமாதானம், போர் என்பது கட்டாயத்தால் மட்டுமே வர வேண்டும், போரிடும்போதும் சமாதானம் பண்ணுகிறவனாகவே இரு என்று அறிவுறுத்தினார். நியாயமான போரைக்கூட ஞானமுள்ளவன் துக்கத்தோடுதான் செய்வான் என்பது அவருடைய உறுதியான கருத்து. 430-இல் அவர் உயிர்விட்டபோது, அவருடைய நகரத்தையே வாண்டல்கள் முற்றுகையிட்டிருந்தார்கள்; ஆகவே பாதுகாப்பான அறையிலிருந்து சொல்லப்பட்ட அறிவுரை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் முறையான அதிகாரம், நியாயமான காரணம், நேரிய நோக்கம் என்று மூன்று நிபந்தனைகளை வகுத்ததைப் பலரும் அறிவார்கள். 1539-இல் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தே விட்டோரியா சொன்னதை அவ்வளவு பேர் அறிவதில்லை. மத வேறுபாடும் பேரரசை விரிவாக்கும் ஆசையும் போருக்கான நியாயமான காரணங்கள் ஆகா என்று, அமெரிக்கக் கண்டத்தில் தன் அரசு வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்த நாள்களிலேயே அவர் கற்பித்தார். போர் அநியாயமானது என்பது ஒரு குடிமகனுக்கு வெளிப்படையாகத் தெரிந்தால், அரசன் கட்டளையிட்டாலும் அவன் போரிடக் கூடாது என்றும் சொன்னார்.

இந்தக் கடைசிக் கருத்து, சீருடை அணிந்திருக்கும் விசுவாசிகளிடம் நம்மைக் கொண்டுவருகிறது. யோவான் ஸ்நானன் தன்னிடம் வந்த போர்ச்சேவகரை வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதீர்கள், உங்கள் சம்பளமே போதுமென்றிருங்கள் என்றார். நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவிடம் பேதுருவும் பதவி விலகலைக் கேட்டதாக எழுதப்படவில்லை. ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படிவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது என்பதற்கு, 1 சாமுவேல் 22-ஆம் அதிகாரத்தையே அவர்களுக்குக் காட்டுவேன். தாவீதுக்கு உதவினார்கள் என்ற குற்றச்சாட்டில் நோப் என்னும் ஊரின் ஆசாரியரைக் கொல்லும்படி ராஜாவாகிய சவுல் தன் சேவகருக்குக் கட்டளையிடுகிறான். ராஜாவின் எதிரிலேயே நிற்கும் அந்த வீரர்கள், கர்த்தருடைய ஆசாரியர்மேல் கைநீட்டச் சம்மதிக்கவில்லை. சவுல் ஏதோமியனாகிய தோவேக்கின் பக்கம் திரும்புகிறான். தோவேக் அன்றைக்கு 85 பேரைக் கொல்கிறான். வீரர்களின் மறுப்பு அந்த ஆசாரியரைக் காப்பாற்றவில்லை. அவர்களுடைய பெயர்களும் நமக்குத் தெரியாது. கொன்றவனின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.